ஊட்டி ரயில் நிலையம்: வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோயம்புத்தூரிலிருந்து வடக்கே பிரியும் பாதை மேட்டுப்பாளையம் வரை சமவெளியில் போகிறது. அங்கே தண்டவாளம் மீட்டர் கேஜாகக் குறுகி, மலையேறி, 46 கி.மீ. தள்ளி ஊட்டியில் முடிந்துவிடுகிறது. அந்தக் கடைசி நிலையத்தைப் பற்றியும், அங்கே வந்து சேரும் வண்டியைப் பற்றியும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் தந்திருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊட்டிக்கு வர எத்தனை வழி இருந்தாலும், ரயிலில் வருவதுதான் வருகிறவர்களுக்கும் ஊருக்கும் நல்லது என்று நினைக்கிறவன் நான். பதில்களிலும் அந்தச் சாய்வு இருக்கும்.

சென்னையிலிருந்து ஊட்டிக்கு நேரடி ரயில் உண்டா?

இல்லை. இருக்கவும் முடியாது. சென்னையிலிருந்து வரும் நீலகிரி எக்ஸ்பிரஸ் அகலப்பாதை வண்டி. அதன் தண்டவாள இடைவெளி 1,676 மி.மீ. மலைப்பாதை மீட்டர் கேஜ், அதாவது 1,000 மி.மீ. ஒன்றில் ஓடும் பெட்டி மற்றொன்றில் ஏறாது. எனவே மேட்டுப்பாளையத்தில் இறங்கி வண்டி மாறியே ஆக வேண்டும்.

மாறுவது சிரமமில்லை. நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவில் சென்னை சென்ட்ரலில் கிளம்பி விடிகாலையில் மேட்டுப்பாளையம் வந்துவிடும். மலை ரயில் காலை 7.10-க்குப் புறப்படுகிறது. முகம் கழுவி ஒரு டீ குடிக்க நேரம் கிடைக்கும். கோவையில் தங்கியிருப்பவர்களுக்கு மேட்டுப்பாளையம் வரை மெமு எனப்படும் மின்சாரப் பயணிகள் வண்டிகள் உண்டு. ஆனால் 7.10 வண்டியைப் பிடிக்கும் நேரத்துக்கு வந்து சேருமா என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். சந்தேகமாக இருந்தால் முந்தின இரவே மேட்டுப்பாளையத்தில் தங்கிவிடுவது நல்லது.

ஐஆர்சிடிசி-யில் ‘ஊட்டி’ என்று தேடினால் நிலையம் வரவில்லையே?

ரயில்வே பதிவில் நிலையத்தின் பெயர் உதகமண்டலம். குறியீடு யுஏஎம். மேட்டுப்பாளையம் எம்டிபி, குன்னூர் ஓஎன்ஆர். இந்த மூன்றும் தெரிந்தால் போதும்.

டிக்கெட் எப்போது எடுக்க வேண்டும்?

முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன்பு இது 120 நாளாக இருந்தது. பழைய கணக்கை நம்பிக்கொண்டு இருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஏப்ரல், மே, தீபாவளி, பொங்கல், கிறிஸ்துமஸ் விடுமுறைகளுக்கு டிக்கெட் வேண்டும் என்றால், திறக்கிற அன்று காலை 8 மணிக்கே உட்கார்ந்துவிடுங்கள். வண்டியே நான்கைந்து பெட்டிதான். இடம் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு உட்காரும் இடம் என்று இரண்டு வகை இருக்கிறது. பதிவு செய்யாமல் ஏறுபவர்களுக்கும் சில இடங்கள் உண்டு. அதற்கு மேட்டுப்பாளையத்தில் விடிவதற்கு முன்பே வரிசை நிற்கத் தொடங்கிவிடும். ஆன்லைனில் எடுத்த டிக்கெட் கடைசி வரை காத்திருப்போர் பட்டியலிலேயே நின்றால் அது தானாக ரத்தாகிவிடும். அதைக் காட்டி ஏற முடியாது. “டிடிஆரிடம் பேசிப் பார்க்கலாம்” என்று குடும்பத்தோடு வந்து நிற்காதீர்கள். பேசினாலும் உட்கார இடம் முளைக்காது.

டிக்கெட் கிடைக்கவே இல்லை. மலை ரயில் ஆசையை விட்டுவிட வேண்டியதுதானா?

விட வேண்டாம். குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையே ஒரு நாளைக்குச் சில முறை தனியாகப் பயணிகள் ரயில் ஓடுகிறது. சுமார் 19 கி.மீ. தூரம், ஒன்றேகால் மணி நேரப் பயணம். குன்னூர் வரை பஸ்ஸில் வந்து அங்கிருந்து இதில் ஏறலாம். அல்லது ஊட்டியில் தங்கியிருக்கும்போது காலையில் குன்னூர் போய்விட்டு வரலாம். நேரங்களை மட்டும் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சீசனில் சிறப்பு வண்டிகள் விடுவதால் அட்டவணை அவ்வப்போது மாறும்.

இந்தத் துண்டில் நீராவி எஞ்சின் கிடையாது, செங்குத்தான ஏற்றத்தில் எஞ்சின் கவ்வி ஏறுவதற்கான பல் வெட்டிய இரும்புச் சட்டமும் (பற்சட்டம்) கிடையாது. ஆனாலும் எனக்கு மொத்தப் பாதையிலும் பிடித்த இடம் இதில்தான் இருக்கிறது. அருவங்காட்டைத் தாண்டியதும் கேத்திப் பள்ளத்தாக்கு திறக்கும். சரிவு முழுக்கப் படிப்படியாகக் காரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் தோட்டங்கள். அவற்றுக்கு நடுவே படகர் ஊர்களின் ஓட்டு வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும். பஸ்ஸில் போனால் இந்தப் பக்கம் இவ்வளவு அருகில் கண்ணில் படாது.

46 கி.மீ.க்கு ஐந்து மணி நேரமா? ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது?

அவசரப்பட்டுக் கேட்கும் கேள்வி இது. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 325 மீட்டர் உயரம். ஊட்டி நிலையம் ஏறத்தாழ 2,200 மீட்டர். இடையில் 208 வளைவுகள், 16 குகைப்பாதைகள், 250 பாலங்கள். காலை 7.10-க்குக் கிளம்பி நண்பகல் வாக்கில் ஊட்டி வந்து சேர்கிறது என்றால், அது சாதித்திருக்கும் வேலையைப் பார்க்க வேண்டும்.

மலையடிவாரத்தில் இருக்கும் கல்லாறு நிலையம் வரை வண்டி மற்ற ரயில்களைப் போலத்தான் ஓடும். கல்லாறு தாண்டியதும் மலை நேராக எழும்புகிறது. சில இடங்களில் 12 அடி முன்னே போவதற்குள் 1 அடி மேலே ஏறியாக வேண்டும். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வெறும் பிடிப்பை நம்பி இந்தச் சரிவில் ஏற முடியாது, வழுக்கிவிடும். அதனால் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் பல் வெட்டிய இரும்புச் சட்டங்களைப் பதித்திருக்கிறார்கள். எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பற்சக்கரம் அந்தப் பற்களைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. கூர்ந்து பார்த்தால் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக இரண்டு சட்டங்கள் இருப்பது தெரியும். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம் வரும். சக்கரத்தின் ஒரு பல் விடுபடும்போது இன்னொரு பல் ஏற்கெனவே கவ்வியிருக்கும். எந்த நொடியிலும் பிடி விடாது. சுவிட்சர்லாந்துக்காரரான ரோமன் ஆப்ட் கண்டுபிடித்த முறை இது. இந்தியாவில் பற்சட்டத்தில் ஏறும் பயணிகள் ரயில் இது ஒன்றுதான்.

எஞ்சினும் சாதாரணமானது அல்ல. ‘எக்ஸ்’ வகை நீராவி எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள் உண்டு. சமதளத்தில் இரண்டு மட்டும் வேலை செய்யும். ஏற்றம் வந்ததும், அந்த இரண்டும் பயன்படுத்திய நீராவியே வீணாகாமல் மற்ற இரண்டுக்குள் போய்ப் பற்சக்கரத்தைச் சுழற்றும். பழைய எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் செய்யப்பட்டவை. பிற்பாடு நம் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே புதிதாக நீராவி எஞ்சின்களைச் செய்து தந்தார்கள். நூறு வருடத்துக்கு முந்தைய வடிவமைப்பை எடுத்து, கொதிகலன் முதல் பற்சக்கரம் வரை இங்கேயே உருவாக்கினார்கள் என்பதைப் போதுமான பேர் அறிந்திருக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

எஞ்சின் பின்னால் இருக்கிறதே, வண்டி பின்னோக்கிப் போகிறதா?

இல்லை. எஞ்சின் பெட்டிகளை இழுப்பதில்லை, கீழிருந்து தள்ளுகிறது. ஏறும்போது ஏதேனும் ஒரு பெட்டியின் இணைப்பு விட்டுப்போனால் அது சரிவில் உருண்டு ஓடாமல், கீழே இருக்கும் எஞ்சின் தாங்கிக்கொள்ளும். அதற்கான பாதுகாப்பு ஏற்பாடுதான் இது.

ஓட்டுநர் கடைசியில் இருப்பதால் முன்னால் பாதை அவருக்குத் தெரியாது. இங்கேதான் பிரேக்ஸ்மேன்களின் வேலை வருகிறது. ஒவ்வொரு பெட்டியின் முன் தளத்திலும் ஒருவர் நின்றுகொண்டிருப்பார். பாதையில் மாடோ பாறையோ கிடந்தால் முதலில் பார்ப்பவர் முன் பெட்டியில் இருப்பவர். அவர் கொடியை நீட்டுவார். அதைப் பார்த்து அடுத்த பெட்டிக்காரர் நீட்டுவார். இப்படியே வரிசையாகக் கடைசியில் எஞ்சினுக்குச் செய்தி போய்ச் சேரும். அவர்கள் கைக்கருகே சக்கரத்துக்கு ஒரு பிரேக், பற்சட்டத்துக்கு ஒரு பிரேக் என இரண்டு இருக்கும். மழையானாலும் பனியானாலும் திறந்த தளத்தில் நின்றபடி, ஒவ்வொரு வளைவிலும் உடம்பைச் சற்று வெளியே சாய்த்துப் பாதையைப் பார்த்துக்கொண்டே வருவார்கள். பயணம் முடிந்து இறங்கும்போது எல்லோரும் எஞ்சினோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். இவர்களுக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லிவிட்டுப் போங்கள்.

இந்த அமைப்பால் உங்களுக்கும் ஒரு லாபம் உண்டு. ஏறும்போது முதல் பெட்டியின் முன் வரிசையில் இடம் கிடைத்தால், எஞ்சின் மறைக்காமல் பாதை முழுவதும் கண்முன்னே விரியும்.

ஊட்டி வரை நீராவி எஞ்சின் வராதா? ஸ்டேஷனில் வந்து பார்த்தால் டீசல்தானே நிற்கிறது?

மேட்டுப்பாளையம்–குன்னூர் வரைதான் நீராவி. குன்னூரோடு பற்சட்டம் முடிந்துவிடுகிறது. அங்கே எஞ்சினை மாற்றி டீசலைச் சேர்த்துவிடுவார்கள். அதற்கு மேலும் ஏற்றம் உண்டு. ஆனால் சக்கரப் பிடிப்பிலேயே சமாளிக்கக்கூடிய ஏற்றம் அது. எனவே நீராவி எஞ்சினைப் பார்ப்பதுதான் உங்கள் ஆசை என்றால் ஊட்டி நிலையத்தில் காத்திருந்து பயனில்லை. குன்னூருக்குப் போங்கள். எஞ்சின் ஷெட்டும் அங்கேதான்.

ஊட்டி நிலையம் எப்போது வந்தது?

1908 அக்டோபரில்.

குன்னூருக்கு 1899-லேயே ரயில் வந்துவிட்டதாமே? ஊட்டிக்கு வர ஏன் ஒன்பது வருடம்?

ஒன்பது வருடம் என்பதே குறைவு. இந்த மலைக்கு ரயில் வேண்டும் என்ற பேச்சு 1854-லேயே தொடங்கிவிட்டது. கோடை வந்தால் சென்னை மாகாண அரசே கோப்புகளோடு ஊட்டிக்கு இடம்பெயரும் வழக்கம் பின்னர் ஏற்பட்டதால், ரயிலின் தேவை இன்னும் கூடியது. 1882-ல் நிக்லாஸ் ரிக்கன்பாக் என்ற சுவிஸ் பொறியாளர் வந்து பார்த்து, பற்சட்டப் பாதை போடலாம் என்று திட்டம் தந்தார். 1891-ல் மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு முதல் மண்ணை வெட்டினார். சில வருடங்களிலேயே பாதை போட வந்த கம்பெனி பணமில்லாமல் படுத்துவிட்டது. புதிதாக ஒரு கம்பெனி வந்து வேலையை முடிக்க, 1899 ஜூன் 15 அன்று குன்னூர் வரை வண்டி ஓடத் தொடங்கியது.

குன்னூரில் இறங்கியவர்கள் மிச்சத் தூரத்தைக் குதிரை பூட்டிய டோங்காவில் கடந்தார்கள். அப்போதே குன்னூர்–ஊட்டி சாலை இருந்தது. கல்லாற்றிலிருந்து குன்னூர் வரையிலான செங்குத்துதான் பெரிய தடை. அது தீர்ந்ததும் மேல் பகுதிக்கு அவ்வளவு அவசரம் தெரியவில்லை என்பது என் எண்ணம். 1903-ல் அரசு பாதையை வாங்கிய பிறகே நீட்டிப்பு வேலை சூடு பிடித்தது. 1908-ல் முதலில் ஊட்டிக்குச் சற்று முன்னால் இருக்கும் ஃபெர்ன்ஹில் வரைக்கும், அடுத்த மாதம் ஊட்டிக்கும் ரயில் வந்தது.

வரலாற்றுப் பலகைகளில் ஆளுநர் பெயரும் பொறியாளர் பெயரும் இருக்கும். பாறையைக் குடைந்து குகை வெட்டியவர்கள் கூலித் தொழிலாளர்கள். மலையடிவாரக் காடு அன்று மலேரியாக் காடு. அதில் வேலை செய்து நோயில் விழுந்தவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. குகைக்குள் வண்டி நுழையும்போது கூச்சல் போட்டுக் கொண்டாடும் பிள்ளைகளிடம், இதைக் கையால் உளி பிடித்துக் குடைந்தார்கள் என்று ஒரு முறை சொல்லிக்கொடுங்கள்.

ஊட்டிக்கு அப்பால் கூடலூர், மைசூர் பக்கம் பாதை ஏன் போகவில்லை?

ஊட்டியைத் தாண்டினால் மலை மறுபடி கீழே இறங்குகிறது. கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அதற்கு அப்பால் முதுமலை. 1908-க்குப் பிறகு இந்தப் பாதை ஒரு மைல்கூட நீளவில்லை. இப்போது யாராவது நீட்டச் சொன்னால் நான் வேண்டாம் என்றே சொல்வேன். யானையும் புலியும் நடமாடும் காட்டைப் பிளந்து இன்னொரு பாதை தேவையில்லை.

ரயில் நிலையம் ஊருக்குள் எங்கே இருக்கிறது? இறங்கியதும் ஆட்டோ பிடிக்க வேண்டுமா?

வெளியே வந்தால் பேருந்து நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. நடந்து போகலாம். கூடலூர், கோத்தகிரி, மைசூர், குன்னூர் எங்கே போவதானாலும் அங்கிருந்து பஸ் உண்டு. குதிரைப் பந்தய மைதானமாக இருந்த இடமும் அருகில்தான். குத்தகை பாக்கி காரணமாக 2024-ல் அரசு அந்த நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. ஏரிக்கும் படகு இல்லத்துக்கும் பெட்டி கனமாக இல்லாவிட்டால் நடந்தே போய்விடலாம். அந்த ஏரி இயற்கையாக உருவானது அல்ல, 1824 வாக்கில் அன்றைய கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் வெட்டவைத்தது. தாவரவியல் பூங்காவும் சேரிங்கிராஸும் சற்றுத் தள்ளி இருக்கின்றன. அதற்கு டவுன் பஸ்ஸோ ஆட்டோவோ சரியாக இருக்கும். ஆட்டோவில் ஏறுவதற்கு முன்பே கட்டணம் பேசிக்கொள்ளுங்கள்.

இறங்கியதும் ஓட வேண்டாம் என்பது என் வேண்டுகோள். நிலையம் சிறியதுதான். பத்து நிமிடம் நடைமேடையில் நில்லுங்கள். கீழே கோடையின் வியர்வையோடு ஏறியவர்களுக்கு இங்கே மேல்மூச்சு வாங்கலாம். 2,200 மீட்டர் உயரத்துக்கு உடம்பு பழக அந்த நேரம் உதவும்.

பெட்டியில் கழிப்பறை உண்டா? சின்னக் குழந்தைகளும் வயதானவர்களும் வரலாமா?

பெட்டிகளில் கழிப்பறை இல்லை. இதைத் தெரியாமல் ஏறிவிட்டு வழியில் திண்டாடுபவர்கள் நிறைய. எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க வண்டி அங்கங்கே நிற்கும். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே இருக்கும் ஹில்குரோவிலும், குன்னூரிலும் நிலையத்தில் வசதி உண்டு. சர்க்கரை நோயாளிகள், வயதானவர்கள், சிறு பிள்ளைகள் உடன் வந்தால் மேட்டுப்பாளையத்திலேயே போய்விட்டு ஏறுங்கள்.

இருக்கைகள் நெருக்கமானவை. முட்டி வலி உள்ளவர்களுக்கு ஐந்து மணி நேரம் கடினமாக இருக்கலாம். அவர்களைக் காரில் குன்னூருக்கு வரச்சொல்லி, அங்கிருந்து ஊட்டி வரை மட்டும் ரயிலில் கூட்டிப்போவது நல்ல யோசனை. பெரிய சூட்கேஸ் வைக்க இடமில்லை. தோள்பையோடு வாருங்கள்.

ஹில்குரோவில் குரங்குகள் ஜன்னலுக்கே வரும். கையில் இருக்கும் வடையைப் பிடுங்கிக்கொண்டு போகும் என்பதைவிட, நாம் தூக்கிப்போடும் பிஸ்கட்டுக்காகவே அவை காட்டை விட்டு வந்து உட்கார்ந்திருக்கின்றன என்பதுதான் கவலை. எதுவும் போடாதீர்கள்.

மழைக்காலத்தில் ஓடுமா?

ஓடும், ஆனால் உறுதி சொல்ல முடியாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கல்லாறு–குன்னூர் பகுதியில் மண் சரியும், மரம் விழும், பாறை உருண்டு பற்சட்டத்தின் மேல் உட்கார்ந்துவிடும். அப்போது மேட்டுப்பாளையம்–குன்னூர் வண்டியை நிறுத்திவிடுவார்கள். சில நேரம் ஒரு நாள், சில நேரம் வாரக்கணக்கு. 2009 நவம்பர் பெருமழையில் நீலகிரி முழுக்க மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அப்போது இந்தப் பாதை மாதக்கணக்கில் மூடிக்கிடந்தது.

கீழ்ப் பகுதியில் வண்டி நிறுத்தப்பட்டாலும் குன்னூர்–ஊட்டி வண்டி பல நேரம் ஓடிக்கொண்டிருக்கும். ரயில்வே வண்டியை ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும். ஆன்லைன் டிக்கெட்டுக்குத் தானாகவே கணக்கில் ஏறும். கவுண்டரில் எடுத்ததாக இருந்தால் கவுண்டருக்குத்தான் போக வேண்டும். ரத்துச் செய்தி வந்ததும் ஊழியர்களிடம் சண்டை போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். மழை விட்டதும் கடப்பாரையும் மண்வெட்டியுமாக அந்தச் சரிவில் இறங்கி, எந்த இயந்திரமும் போய்ச் சேர முடியாத இடத்தில் கையால் பாறையை உடைத்து அகற்றுபவர்கள் பாதைப் பராமரிப்புத் தொழிலாளர்கள். அவர்கள் சரி என்று சொன்ன பிறகே வண்டி வர வேண்டும்.

எந்த மாதத்தில் வந்தால் நன்றாக இருக்கும்?

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை. வானம் தெளிவாக இருக்கும், கூட்டம் குறைவு. டிசம்பர், ஜனவரி விடியலில் புல்வெளிகளில் உறைபனி படியும். ஸ்வெட்டர் மட்டும் போதாது, காது மூடக் குல்லாவும் எடுத்து வாருங்கள். மே மாதம் மலர்க் கண்காட்சிக்கு வரலாம். ஆனால் கூட்டத்தைக் கண்டு குறைசொல்லக் கூடாது.

ரயிலில் வந்தால் இ-பாஸ் வேண்டுமா?

வேண்டாம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். அது வாகனத்துக்கான அனுமதி. ரயிலிலும் அரசுப் பேருந்திலும் வருபவர்களுக்குத் தேவையில்லை. 2025 கோடையில் நீலகிரிக்குள் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று உச்சவரம்பும் வைத்தார்கள். இப்படி ஒரு வரம்பு தேவைப்பட்டது என்பதே நிலைமையைச் சொல்லும். மே மாத ஞாயிற்றுக்கிழமை குன்னூர் சாலையில் ஆம்புலன்ஸ் சிக்கி நிற்பதைப் பார்த்தவர்கள் இந்த உத்தரவைக் குறைசொல்ல மாட்டார்கள். ரயிலில் வருகிற ஒவ்வொரு குடும்பமும் மலைச்சாலையில் ஒரு காரைக் குறைக்கிறது. நான் முதலில் சொன்ன சாய்வுக்கு இதுவே காரணம்.

ரயிலில் வந்தாலும் பிளாஸ்டிக் தடை உங்களுக்கும் பொருந்தும். தண்ணீர் பாட்டில், கேரிபேக் எல்லாம் மாவட்டத்தில் தடை. வீட்டிலிருந்து ஸ்டீல் பாட்டில் கொண்டுவந்தால் ஊருக்குள் இருக்கும் தண்ணீர் ஏடிஎம்களில் நிரப்பிக்கொள்ளலாம்.

உள்ளூர்க்காரர்கள் இதில் ஏறுவார்களா, முழுக்க டூரிஸ்டுகளுக்குத்தானா?

மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் வண்டியில் உள்ளூர் முகம் குறைவு. குன்னூர்–ஊட்டி வண்டியில் பாருங்கள். அந்தப் பாதையில்தான் வெலிங்டன் ராணுவ முகாம், அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை, கேத்தி, லவ்டேல் எல்லாம் இருக்கின்றன. வேலைக்கும் படிப்புக்கும் சந்தைக்கும் இதில் போய்வந்த தலைமுறைகள் உண்டு. இன்னும் போய்வருகிறார்கள். ஓரத்தில் மடியில் பையோடு, ஜன்னல் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருப்பவர் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவராக இருக்கலாம். வீடியோ எடுப்பதற்காக அவரை எழுந்து நகரச் சொல்லாதீர்கள்.

யுனெஸ்கோ அங்கீகாரம் எப்போது கிடைத்தது?

2005 ஜூலையில். 1999-ல் டார்ஜிலிங் மலை ரயில் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அதே பட்டியலின் நீட்சியாக நீலகிரி சேர்ந்தது. 2008-ல் கல்கா–சிம்லா பாதை. மூன்றையும் சேர்த்து ‘இந்தியாவின் மலை ரயில்கள்’ என்ற ஒரே தலைப்பில் வைத்திருக்கிறார்கள். இந்தப் பெயர் இருப்பதால்தான் நீராவியையும் பற்சட்டத்தையும் கழற்றிப்போடாமல் காப்பாற்ற முடிகிறது.

தண்டவாளத்தில் நின்று படம் எடுக்கலாமா?

கூடாது. ரயில்வே சட்டம் 147-வது பிரிவின்படி அத்துமீறி நுழைவதற்கு ஆறு மாதம் வரை சிறையோ 1,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். மெதுவாக வரும் ரயில்தானே என்று பாலத்தில் நிற்பவர்கள், இறக்கத்தில் அந்த வண்டியை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது என்பதை மறந்துவிடுகிறார்கள். நடைமேடையில் நின்று எடுங்கள், நன்றாகவே வரும்.

பாதையில் யானை வருமா?

வரும். கல்லாறு அவற்றின் வழித்தடம். ரயில் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அப்படித்தான். 2022-ல் ஹில்குரோவ் அருகே பாதையோரம் எழுப்பிய சுவரால் யானைக்கூட்டம் கடக்க முடியாமல் தவித்த காட்சி வெளியே வந்து, பிறகு அந்தச் சுவரை இடித்தார்கள். யானை நின்றால் வண்டி நிற்கும். விசில் அடிக்காமல் அமைதியாக உட்கார்ந்திருங்கள்.

கொடைக்கானலுக்கும் இப்படி மலை ரயில் உண்டா? ‘கொடைக்கானல் ரோடு’ என்று ஸ்டேஷன் இருக்கிறதே?

இல்லை. கொடைக்கானல் ரோடு நிலையம் திண்டுக்கல்–மதுரை பாதையில், சமவெளியில் இருக்கிறது. அங்கிருந்து கொடைக்கானல் சாலை வழியாக ஏறத்தாழ 80 கி.மீ. பழனி மலைக்கு ரயில் ஏறவே இல்லை. பெயரை நம்பி இறங்கி, மலை எங்கே என்று தேடுபவர்கள் இன்றும் உண்டு.

ஏறும்போது பஸ், இறங்கும்போது ரயில் என்று திட்டமிடலாமா?

தாராளமாக. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் வண்டி பிற்பகல் 2 மணிக்கு. இறங்குவதற்கு மூன்றரை மணி நேரம் போதும். மாலை ஐந்தரை, ஆறு மணிக்குள் மேட்டுப்பாளையம் சேர்ந்துவிடலாம். இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறுபவர்களுக்கு நிதானமாகச் சாப்பிட நேரம் இருக்கும். ஏற்றத்தில் எஞ்சின் படும் பாட்டைக் கேட்க முடியாது என்பது ஒன்றுதான் குறை. அந்தச் சத்தத்துக்காகவே ஏறும் வண்டியைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

இறங்கும் வண்டிக்கு ஒரு மணிக்கே நிலையம் வந்துவிடுங்கள். வரும் வழியில் ஊட்டியின் மொறுமொறு பேக்கரிப் பண்டமான வர்க்கி வாங்குவதாக இருந்தால் அட்டைப்பெட்டியில் கட்டித்தரச் சொல்லுங்கள், பையில் போட்டால் மேட்டுப்பாளையம் போவதற்குள் தூளாகிவிடும்.